கொத்தோடு மாட்டிக்கொண்ட கார் சாவி

போன வாரம் மில்லர்புரத்தில் ஒரு மருந்துக்கடை வாசலில், காருக்குள் உட்கார்ந்து ஒரு பெண் சாவியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். சாவி திரும்பமாட்டேன் என்கிறது, வெளியே வரவும் மாட்டேன் என்கிறது. பின்சீட்டில் குழந்தை வீறிட்டு அழுகிறது. நான் முன்சக்கரத்தைப் பார்த்தேன். சாக்கடை ஓரத்து வாறுகால் கல்லில் முட்டிக்கொண்டு நின்றது.

"பலமா திருகாதம்மா, உள்ளயே முறிஞ்சிரும். ஒரு கையால ஸ்டியரிங்க இங்கிட்டும் அங்கிட்டும் லேசா ஆட்டு. ஆட்டிக்கிட்டே சாவியத் திருப்பு" என்றேன். இரண்டாவது ஆட்டில் வண்டி கிளம்பிவிட்டது. "அங்கிள், நீங்க மெக்கானிக்கா?" என்று கேட்டாள். கப்பல் ஏஜென்ட் ஆபீசில் காலமெல்லாம் பேப்பரோடு மாரடித்தவனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது! சிரித்துவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்தபின் சாப்பாடு இறங்கவில்லை.

வண்டிகளைப் பற்றி எனக்குத் தெரிந்ததே அந்த ஒன்றுதான். சக்கரம் எதிலாவது முட்டி நின்றால் ஸ்டியரிங் பூட்டு உள்ளே இறுகிவிடும்; சாவியை எவ்வளவு திருகினாலும் நடக்காது; ஸ்டியரிங்கை ஆட்டிக்கொடுத்தால் விட்டுவிடும். சின்னக் குழந்தை செய்கிற வேலை. அதை ஒரு மத்தியானம் கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்ட நேரம்தான் சரியில்லை.

அப்பாவுக்கு மார்க்கெட் பக்கம் மளிகை மொத்தக்கடை. கடைக்குள் நுழைந்தாலே மிளகாய் வத்தல் நெடி மூக்கில் ஏறும், அதற்குப் பின்னால் கருப்பட்டி வாசம் வரும். இன்றைக்கும் யார் வீட்டிலாவது வத்தல் வறுத்தால் எனக்கு அப்பாவின் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்குகிற சத்தம் கேட்டுவிடும். கடை ஷட்டர், குடோன், கல்லாப்பெட்டி, வீட்டு பீரோ, அரிசிப் பெட்டி, சாமி அறை என்று எல்லாச் சாவியும் ஒரே இரும்பு வளையத்தில். அந்த வளையத்தின் வாயைக் கொல்லரிடம் கொடுத்து அடைத்தும் வைத்திருந்தார். யாரும் ஒரு சாவியைத் தனியாகக் கழற்றிவிட முடியாது. குளிக்கும்போதுகூட அதைக் குளியலறை ஆணியில் மாட்டிவிட்டுத்தான் தண்ணீர் ஊற்றுவார். சொன்னால் சிரிப்பீர்கள், எங்கள் வீட்டில் அரிசி எடுக்க அம்மாவும் அப்பாவைத்தான் கூப்பிட வேண்டும்.

ஒரு பழைய வெள்ளைக் காரை வாங்கியபோது அதன் சாவியையும் அந்த வளையத்தில் சேர்த்தார். கொல்லர் வளையத்தைத் திறந்து, சாவியைக் கோத்து, மறுபடி அடைத்துக் கொடுத்தார். அப்பாவுக்கு ஓட்டத் தெரியாது. நான்தான் டிரைவர். ஏறியதும் கொத்தை என் கையில் தருவார், இறங்கியதும் கையை நீட்டுவார். மெக்கானிக் செல்வராஜ் பார்த்தவுடனேயே தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, கார் சாவிய மட்டும் தனியா வச்சுக்கிடுங்க. இம்புட்டு கனத்தத் தொங்கவிட்டா லாக்கு தேஞ்சுல்லா போவும்?" அப்பா சொன்னார்: "கொத்தப் பிரிக்கது குடும்பத்தப் பிரிக்க மாதிரி. நீரு வேற வேலயப் பாரும்."

பூட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தகராறு செய்ய ஆரம்பித்தது. அதற்கு நான் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தேன். தேங்காய் எண்ணெய்! எங்கள் வீட்டில் தலைவலிக்கும் அதுதான், கீச்சிடுகிற கதவுக்கும் அதுதான். சாவித்துளையில் நாலு சொட்டு விடுவேன், அன்றைக்கு நன்றாகத் திரும்பும். எங்கள் ஊர்த் தூசியும் உப்புக்காற்றும் எண்ணெயில் ஒட்டி உள்ளே பிசுக்காக இறுகிக்கொண்டிருந்தது இந்த மேதைக்குத் தெரியவில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லவேண்டும். என்னைவிட ஏழு வயது மூத்தவன். பள்ளிக்கூடம் முடித்ததிலிருந்து கடையில்தான் இருந்தான். மூட்டைக்குள் கையை விட்டு எடுத்து முகர்ந்தே எந்த ஊர் மல்லி என்று சொல்வான். வாடிக்கையாளர்கள் அவனைத் தேடித்தான் வருவார்கள். ஆனால் காலையில் அப்பா வந்து ஷட்டரைத் திறக்கும்வரை அவனும் கூலிக்காரர்களோடு வாசலில்தான் நிற்கவேண்டும். முப்பத்தொரு வயதில், சரக்கு ஏற்ற வந்தவர்கள் முன்னால் ஒருநாள் கேட்டேவிட்டான். "குடோன் சாவி ஒண்ணயாவது எங்கிட்ட குடுங்கப்பா. எத்தன நாளு இப்படி வெளிய நிக்க?" அப்பா எல்லோரும் கேட்கும்படி, "நான் செத்தப்புறம் எடுத்துக்கோலே" என்றார். அண்ணன் அதற்குப் பிறகு கடைக்கு வரவில்லை. கூடப் படித்த ஒருவன் மூலமாக வளைகுடாவில் ஒரு பலசரக்குக் கடையில் வேலைக்கு ஏற்பாடு செய்துகொண்டான். இரண்டு மாதம் அப்பாவும் அவனும் பேசிக்கொள்ளவில்லை.

கிளம்பும் நாள் மத்தியானம் மூன்று மணிக்குத் திருவனந்தபுரம் பஸ். அண்ணன் அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு ஒரு மணிக்கே பெட்டியோடு போய்விட்டான். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பார், கையைக் கழுவிவிட்டார்.

"எந்திலே. வண்டிய எடு. அவனக் கூட்டிட்டு வருவோம்."

"வருவானாப்பா?"

"நீயே கடையத் தொறன்னு சொல்லிக் கொத்தக் கையில குடுத்தா வருவான்."

அப்பா அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வழியில் பேக்கரியைப் பார்த்ததும் நிறுத்தச் சொன்னார். "வெறுங்கையோட போயி எப்படிலே கூப்பிடுதது?" அண்ணனுக்கு மக்ரூன் என்றால் உயிர். இரண்டு நிமிஷ வேலை. நான் அவசரத்தில் சக்கரத்தை வாறுகால் கல்லில் முட்டி நிறுத்தினேன். திரும்பி வந்து சாவியைப் போட்டால், திரும்பவில்லை. உருவினால் வரவும் இல்லை.

அப்போது மணி இரண்டரை. எதிரே ஆட்டோ நிற்கிறது. ஆட்டோவில் போனால் பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷம். "நீங்க ஆட்டோல போங்கப்பா, நான் இங்கன நிக்கேன்" என்றேன். அப்பா ஆட்டோவைப் பார்த்தார், பூட்டில் தொங்குகிற கொத்தைப் பார்த்தார். கடையும் குடோனும் வீடும் நடுத்தெருவில் தொங்குகின்றன. பிறகு என்னைப் பார்த்தார். எனக்கு இருபத்திநாலு வயது. "நீ விளையாட்டுப்பய. யாராவது பேச்சுக் குடுத்தா எந்திச்சிப் போயிருவ." சரி, நான் போகிறேன் என்றால், "நீ கூப்பிட்டா வரமாட்டான், நான்தான் கூப்பிடணும்" என்றார். அதுவும் உண்மைதான். ஆக, பெற்ற பிள்ளையைக் கூப்பிடப் போன மனிதர் சாவிக்குக் காவலாக மக்ரூன் பொட்டலத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

நானாவது அவரைப் பிடித்து ஆட்டோவில் தள்ளியிருக்கலாம். "அஞ்சு நிமிஷம்ப்பா, சரி பண்ணிருதேன்" என்று பெட்டிக்கடையில் தேங்காய் எண்ணெய் வாங்கி ஊற்றினேன். திருகினேன். குத்தினேன். பேக்கரியில் இருந்து போன் போட்டுச் செல்வராஜ் வந்து சேர மூணே முக்கால். உட்கார்ந்தார், ஸ்டியரிங்கை ஒரு ஆட்டு ஆட்டினார், சாவி திரும்பியது. "இதுக்கா அண்ணாச்சி இம்புட்டு நேரம்?" என்றார். நான் கையில் வழிந்த எண்ணெயைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா மெதுவாகக் கேட்டார். "ஒரு எட்டு போயிப் பாத்துட்டு வருவமாலே?"

எனக்கு அவமானம். எரிச்சல். "மூணு மணி பஸ்ஸு நமக்காகக் காத்துக்கிட்டு நிக்குமாக்கும்?" என்று சொல்லி வண்டியை வீட்டுக்குத் திருப்பினேன்.

அண்ணன் அங்கே போன இரண்டாவது மாதம் என் ஆபீசுக்குப் போன் செய்தான். "ஏலே, இங்கன எனக்குக் கடைச்சாவி குடுத்திருக்கான்லே. நான்தான் தொறக்கேன், நான்தான் பூட்டுதேன்." யாரோ ஊர் பேர் தெரியாதவன் கொடுத்த சாவி. சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்கு மனசு பொறுக்கவில்லை. அன்றைக்கு அப்பா கிளம்பி வந்ததை, கொத்தைக் கொடுக்கவே வந்ததை, வண்டி மாட்டிக்கொண்டதை எல்லாம் சொன்னேன். அவன் கேட்டது ஒன்றுதான்.

"வண்டி எத்தன மணிக்குலே சரியாச்சு?"

"நாலுக்கு முன்னாலயே."

"பஸ்ஸு பிரேக் டவுன்லே. நாலரைக்குத்தான் எடுத்தான். யாராவது வருவியன்னு ரோட்டயே பாத்துக்கிட்டு நின்னேன்." அப்புறம், "அப்பாட்ட சொல்லாத, தாங்கமாட்டாரு" என்றான்.

நான் சொல்லவில்லை. அண்ணன் ஒவ்வொரு வருஷமும் அடுத்த வருஷம் வாரேன் என்றான். ஒன்பதாவது வருஷம் நெஞ்சுவலி என்று தகவல் வந்தது, அதற்கு எட்டாம் நாள் பெட்டியில் வந்தான். காரியம் முடிந்த மறுநாள் அப்பா கொல்லரிடம் போய் வளையத்தை வெட்டிக்கொண்டு வந்தார். சாவிகளைத் தரையில் பரப்பி, "எது வேணுமோ எடுத்துக்கோலே" என்றார். நான் எதையும் எடுக்கவில்லை. கடை அந்த வருஷமே கைமாறியது. இப்போது அங்கே செல்போன் விற்கிறார்கள், வத்தல் நெடி போன இடம் தெரியவில்லை.

அப்பா அதற்குப் பிறகு ஆறு வருஷம் இருந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமும், ரோட்டில் பார்க்கிறவர்களிடமும், கடைசியில் ஆஸ்பத்திரி நர்சிடமும் ஒரே பேச்சுத்தான். "பாழாப்போன வண்டி மக்கர் பண்ணிட்டும்மா. இல்லன்னா அன்னைக்கே எம்புள்ளயக் கூட்டிட்டு வந்திருப்பேன்." பக்கத்தில் நின்று நானும் தலையாட்டுவேன். வண்டி நாலு மணிக்கு முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டது, பஸ் நாலரை வரை நின்றது, போய்ப் பார்ப்போம் என்று நீங்கள் சொன்னீர்கள், வேண்டாமென்று திருப்பியவன் நான் என்று அவரிடம் ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னைத் திட்டியிருப்பார், அடித்திருப்பார். இன்று சொல்லிவிடலாம் என்று நினைத்தாலும் என்னைத் திட்ட இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை.