வாதத்தின் முதற்பாதி

பேச்சின் நடுவே என்னை நிறுத்தியவர் ஒருவரே. அவர் என் பெரியப்பா. பிள்ளையார்பாளையத்துத் தெருமுனையில், சாமியானாவின் கீழ், பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தபடி அவர் உயர்த்திய வலக்கை இன்றும் என் கண்முன் நிற்கிறது. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றுவது அவர் தொழில். மகனின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அது. அத்தனை நாள் பட்டறைப் பக்கம் போகாதிருந்தும் நகக்கண்களில் அரக்குச் சிவப்பு அப்படியே இருந்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த சொல்லை நாவில் வைத்துக்கொண்டு, அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிப் பருவம் முதல் மேடைகளில் வளர்ந்தவள் நான். சீட்டுக் குலுக்கலில் எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கத்தை வெல்ல வைக்கத் தெரிந்தவள். இதைத் தன்னடக்கத்தோடு சொல்ல எனக்கு வராது. என் பயிற்சியின் அடிப்படை ஒன்றுதான்: எதிரணியின் மிக வலுவான வாதத்தை, அவர்களே வியக்கும்படி, முதலில் நானே எடுத்து வைக்க வேண்டும். அதன் பிறகு ‘ஆனால்’ என்று தொடங்கி அதைத் தகர்க்க வேண்டும். எதிராளி எழுந்து வரும்போது அவர் கையில் சொல்வதற்கு எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது. நடுவர்கள் இந்த முறையைப் பாராட்டாத போட்டி இல்லை.

பெரியப்பாவுக்கு ஒரே மகன், எனக்கு அண்ணன். வெளியூரிலிருந்து வரும் கார்களை ஊர் எல்லையிலேயே மறித்து, பைக்கில் முன்னே சென்று வழிகாட்டி, பட்டுக் கடைகளுக்கு அழைத்துப்போய் அதற்கான தரகு பெறுவது அவன் வேலை. அவனை மறைந்திருந்து கொன்ற பகைவன் எவனும் இல்லை. அவனுடைய பைக்கின் பின்னிருக்கையில் அமர்ந்து அதே தொழிலைக் கற்றுக்கொண்டவன்தான் கொன்றான். வண்டி எண்ணைப் பார்த்தவுடன் தமிழா தெலுங்கா என்று முடிவு செய்வதையும், ‘ரண்டி, ரண்டி’ என்று தெலுங்கில் சிரித்த முகத்தோடு வரவேற்பதையும் அண்ணன்தான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்தான். கல்யாணப் புடவை எடுக்க ஆந்திராவிலிருந்து வந்த கார் ஒன்றை யார் முதலில் நிறுத்தியது என்று சண்டை மூண்டது. பார்சல் கயிறு அறுக்கும் கத்தி அந்தப் பையனின் சட்டைப்பையில் இருந்தது. அவனுக்கு வயது பதினேழு.

செய்தி வந்தபோது நான் அழவில்லை. உடல் வந்தபோதும் அழவில்லை. கைகால்கள் வேறு யாருடையவோ போல, சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தன. இன்றுவரை அப்படித்தான் இருக்கிறது.

தெரு கொதித்தது. பதினேழு வயதுக்காரனைத் தூக்கிலிட நம் சட்டத்தில் இடமில்லை என்று வழக்கறிஞர் சொன்னதும் கொதிப்பு கூடியது. சட்டத்தையே மாற்று என்று கேட்கும் கூட்டம் ஏற்பாடாயிற்று. முதலில் நான் பேச வேண்டும். முடிவில் பெரியப்பா எழுந்து, பெற்றவன் என்ற முறையில், தம் வாயால் அவனுக்குத் தூக்குக் கேட்க வேண்டும். அவர் கேட்டால்தான் அதற்கு எடை என்று எல்லோரும் நம்பினார்கள். பெரியப்பா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. நாற்காலியில் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள், உட்கார்ந்தார்.

நான் பழக்கப்படி தொடங்கினேன். “அவனுக்கு வயது பதினேழு. மீசை இன்னும் சரியாக அரும்பவில்லை. என் அண்ணனின் பழைய சட்டையைத்தான் அன்றும் அணிந்திருந்தான். என் பெரியம்மா கையால் சோறு உண்டவன். குத்திய பிறகு அவன் ஓடவில்லை. அண்ணனைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவன் அவனே. மருத்துவமனை வாசலில் அமர்ந்து அழுதுகொண்டிருந்தவனைத்தான் காவலர் பிடித்தார்கள்” என்று ஒவ்வொன்றாக அடுக்கினேன். குரல் எங்கும் தடுக்கவில்லை. கூட்டத்தின் ஓரத்தில் ஒருவர், “இன்னாபா இது, பாப்பா அவனுக்கு வக்காலத்து வாங்குது?” என்றார். “இருய்யா, இப்ப திருப்பும் பாரு” என்றார் என் போட்டிகளைக் கேட்டிருந்த மற்றொருவர். அவர் சொன்னது சரி. ‘ஆனால்’ என்று நிறுத்தி, மூச்செடுத்தேன். அப்போதுதான் அந்தக் கை உயர்ந்தது.

“ஆனா வேணாம் பாப்பா. அதோட நிறுத்திக்கோ.”

எழுந்து வந்து ஒலிவாங்கியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். “பாப்பா சொன்னது அத்தினியும் நெஜந்தான். அந்தப் பையன் எங்க வூட்டு சோறு துன்னவன். அவன தூக்குல போடுன்னு என் வாயால கேக்கத்தான் கூப்ட்டீங்க. வாய் வரலபா. மன்னிச்சிட்டேன்னு யாரும் நெனச்சிக்காதீங்க. அவன் மூஞ்சில நான் முழிக்க மாட்டேன். கேக்க வரல, அவ்ளோதான்.”

பெண்கள் பக்கத்திலிருந்து பெரியம்மா எழுந்தாள். “உனக்கு வரலன்னா இங்க குடு” என்று அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். “அவனுக்குப் பதினேழுன்னா எம் புள்ளைக்கு இருவத்திரண்டு. அதையும் சொல்லுங்க. தூக்குல போடுங்க அவன.” கூட்டம் கைதட்டியது. பெரியம்மா அந்தக் கைதட்டலைக் கேட்டதாகத் தெரியவில்லை. என் பேச்சின் இரண்டாம் பாதியில் நான் வைத்திருந்த எந்த வாக்கியமும் அவள் சொன்னதற்கு ஈடில்லை என்பதை, ஒரு நடுவரைப் போல, நின்ற இடத்திலேயே குறித்துக்கொண்டேன்.

அன்று முதல் பெரியம்மா பெரியப்பாவிடம் பேசுவதில்லை. சமைத்துப் போடுகிறாள், துணி துவைத்துக் கொடுக்கிறாள், பேச்சு மட்டும் இல்லை. அந்தப் பையனைப் பெரியவனாகக் கருதி விசாரித்து நீதிமன்றம் தண்டித்தது, தூக்கு இல்லை. என்றோ ஒருநாள் வெளியே வருவான். தீர்ப்பு வந்த செய்தியைக்கூட அவர்கள் இருவரும் தனித்தனியே என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள்.

இந்த ஆண்டு கல்லூரிகளுக்கிடையிலான போட்டி ஒன்றில் அதே தலைப்பு வந்தது: கொடுங்குற்றம் புரிந்த சிறாருக்கு மரண தண்டனை வேண்டுமா, வேண்டாமா? சீட்டெடுத்தேன், பேசினேன், வென்றேன். ஊர் திரும்பியதும் பட்டறைக்குப் போனேன். பட்டறை வீட்டின் பின்கட்டில்தான். பெரியப்பா கொதிக்கும் சாயத் தொட்டியில் நூல் கழிகளை முக்கித் திருப்பிக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சிட்டியா பாப்பா?”

“ஜெயிச்சிட்டேன் பெரியப்பா.” தலைப்பையும் சொன்னேன். கழியைத் திருப்பும் கை நிற்கவில்லை.

“உனக்கு எந்தப் பக்கம் வந்துது?”

“வேணாம்ங்கற பக்கம்.”

“வேணும்னு வந்திருந்தா?”

“அப்பவும் ஜெயிச்சிருப்பேன்.”

“ஜெயிப்ப” என்றார். அதில் கேலி இல்லை. “எனக்குத்தான் ரெண்டு பக்கமும் பேச வரல.”

பெரியம்மா காபியைக் கொண்டுவந்தாள். என் டம்ளரை என் கையில் கொடுத்தாள். இன்னொன்றைத் தொட்டியருகே சுவரோரம் வைத்தாள். அவருக்கும் அவளுக்கும் இடையே ஒரு கை நீளம்கூட இல்லை.

“காபி ஆறுது. குடிக்கச் சொல்லு உங்க பெரியப்பாவ” என்றாள் என்னைப் பார்த்து.

“காபி ஆறுதாம் பெரியப்பா. குடிங்க” என்றேன்.

“கை ஈரமா கீது, அப்பறம் குடிக்கிறேன்னு சொல்லு” என்றார்.

நான் பெரியம்மா பக்கம் திரும்பிச் சொன்னேன்.