கண்மாய் பார்க்க மலையேறிய நாள்

எங்கள் பக்கத்தில் பெண் கொடுப்பதற்கு முன் மாப்பிள்ளையின் குணத்தை விசாரிப்பார்கள், குடும்பத்தை விசாரிப்பார்கள், எல்லாவற்றுக்கும் மேலாக அவர் ஊர்க் கண்மாயை விசாரிப்பார்கள். கண்மாய் பெருகினால் கிணறு ஊறும்; கிணறு ஊறினால் பெண் பிழைத்தாள். இல்லையென்றால் ஆயுசு பூராவும் இடுப்பில் குடத்தோடு நடக்க வேண்டியதுதான். என் அப்பா பள்ளிக்கூட வாத்தியார். வேதாகமத்தையும் பூகோளத்தையும் கரைத்துக் குடித்தவர். ஆனால் கண்மாய் விஷயத்தில் மட்டும் ஊரில் உழுது பிழைக்கிற எந்தச் சம்சாரிக்கும் இளைத்தவர் இல்லை.

யுத்த காலம் அது. எனக்குப் பத்தொன்பது வயது. பேசி வைத்திருந்த மாப்பிள்ளை இராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர். சொந்த ஊர் செட்டியார்பட்டிக்கு அந்தப் பக்கம். பெண் பார்க்க வந்த அன்று நான் சுட்ட முறுக்கு கல்லாகிக் கிடந்தது. அவருடைய அம்மா ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு நைசாகத் தட்டிலேயே வைத்துவிட்டார். அவரோ ஒன்றை முழுசாகத் தின்று முடித்து, இன்னொன்றையும் எடுத்தார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்கு அந்தக் 'கடக்' சத்தத்திலேயே மனசு போய்விட்டது. கட்டினால் இவரைத்தான் கட்டுவது என்று தீர்மானித்துவிட்டேன். யாராவது கேட்டால்தானே சொல்ல? ஒருவரும் கேட்கவில்லை.

அந்த வருஷம் மழை ஓர் ஊரில் கொட்டி, அடுத்த ஊரை ஏமாற்றியிருந்தது. மாப்பிள்ளை ஊர்க் கண்மாயில் தண்ணீர் இருக்கிறதா என்று சம்பந்தி வீட்டாரிடமே கேட்டால், அப்பா நம்பாமல் கேட்கிறார் என்றாகும். நேரே போய் எட்டிப் பார்த்தால், வேவு பார்க்க வந்தார் என்று ஊர் சிரிக்கும். இதற்குள் ஓலை வாசிக்கும் ஞாயிறு வந்துவிட்டது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று சபையில் மூன்று ஞாயிற்றுக்கிழமை அறிவிப்பதைத்தான் நாங்கள் ஓலை என்போம். இந்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்காவிட்டால் லெந்து என்கிற நாற்பது நாள் தபசு காலம் குறுக்கே விழும். லெந்தில் எங்களுக்குக் கல்யாணம் கிடையாது. அத்தனை நாள் காத்திருக்க மாப்பிள்ளை வீட்டாருக்கு என்ன தலையெழுத்து? வேறு பெண் பார்ப்பார்கள்.

வெள்ளிக்கிழமைக்கு அப்பா பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார்.

"மலை மேல காட்டிலாகாக் கொட்டகை ஒண்ணு இருக்கு. அங்க நின்னா அம்புட்டு ஊர்க் கண்மாயும் தெரியும். போய்ப் பாத்துட்டு வாரேன். தண்ணி கெடந்தா ஓலை, இல்லைன்னா இல்லை" என்றார்.

"நானும் வாரேன் அண்ணே" என்றாள் அத்தை. அப்பாவின் ஒரே தங்கை. கிழக்கே ஒரு வறட்டு ஊரில் வாழ்க்கைப்பட்டு, இருபது வருஷமாக அடுத்த ஊரிலிருந்து தண்ணீர் சுமந்தவள். தாத்தா இறந்த பிறகு அவளை அந்த ஊருக்குக் கட்டிக்கொடுத்தது அப்பாதான். அந்த உறுத்தல்தான் அவரை இந்த மலைக்கே விரட்டியது என்று எனக்குத் தெரியும்.

"அத்தைக்குத் துணைக்கு நானும்" என்றேன், அம்மா வாயைத் திறப்பதற்குள்.

வெள்ளிக்கிழமை விடியும் முன் வண்டி கட்டினோம். அய்யனார் கோவில் ஆற்றங்கரையில் இறங்கியபோது பனி விலகவில்லை. கல்யாணம் ஆகுமா ஆகாதா என்று தெரியாத பெண் அழுதுகொண்டல்லவா ஏற வேண்டும்? எனக்கோ கால் தரையில் பாவவில்லை. பிறந்ததிலிருந்து ஜன்னல் வழியாகவே பார்த்த மலை அது. அதன் மேல் என் சொந்தக் கால் நடக்கிறது! சேலையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு பாறைக்குப் பாறை தாவினேன். தலைக்கு மேலே ஒரு மலை அணில், பூனைப் பருமன் இருக்கும், வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களைத் திட்டியது.

"ஏட்டி, மெல்லப் போ. கண்மாய் எங்கயும் ஓடிப் போகாது" என்றாள் அத்தை.

"மாப்பிள்ளை ஓடிப் போயிருவாரே அத்தை" என்று வாய் தவறி வந்துவிட்டது. அப்பா முன்னால் போய்க்கொண்டிருந்தார், காதில் விழவில்லை. அத்தை நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மேலே போகப் போக மரம் குறைந்து புல் வந்தது. கொட்டகை என்றால் நாலு கல்சுவர், மேலே தகரம்; காட்டுத் தீ பார்க்கக் கட்டியது. ஆள் யாரும் இல்லை. அதன் முன்னால் இருந்த பாறையில் ஏறித் திரும்பினேன். வடக்கே திருவில்லிபுத்தூர்க் கோபுரம் விரல் உயரத்துக்கு நிற்கிறது. காலுக்குக் கீழே கண்மாய், கண்மாய், கண்மாய். பெரிசும் சிறிசுமாக, வெயில் பட்டு வெள்ளி வெள்ளியாக. இத்தனை தண்ணீருக்கு நடுவிலா நாங்கள் குடியிருக்கிறோம்? கத்த வேண்டும் போலிருந்தது. கத்தியும் விட்டேன். அப்பா திட்டவில்லை. அவரும் வாயைப் பிளந்துகொண்டுதான் நின்றார்.

பிறகு பூகோள வாத்தியார் ஆனார். ரயில் பாதையை வைத்து ஒவ்வோர் ஊராக விரல் நீட்டிக்கொண்டே தெற்கே போனார். விரல் ஓரிடத்தில் நின்றது. "அந்தா, அதுதான் அவிய ஊரு." அங்கே இருந்தது பாருங்கள், மற்ற எல்லாக் கண்மாயையும்விட வெள்ளையாக, கரைக்குக் கரை தளும்பிக்கொண்டு!

"நெறஞ்சு கெடக்கு" என்றார் அப்பா. தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி அங்கேயே ஜெபம் பண்ணினார். ஆண்டவரே, என் மகளுக்குத் தண்ணீரைக் காட்டினீரே, உமக்கு ஸ்தோத்திரம் என்று நீளமாகவே பண்ணினார். நான் சொன்ன ஆமென் கீழே அய்யனார் கோவில் வரைக்கும் கேட்டிருக்கும்.

எலுமிச்சம்பழச் சோற்றைப் பிரித்து உட்கார்ந்தோம். துவையலோடு அப்பா மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார். சபைப் போதகர் ஐயரிடம் நாளைக் காலையிலேயே சொல்லிவிடுவதாகச் சொன்னார். கல்யாணத்துக்கு யார் யாரைக் கூப்பிடக் கூடாது என்பது வரைக்கும் பேசி முடித்தார். வெயில் தலைக்கு மேல் வந்து மேற்கே சாய்ந்தது. சாயச் சாய, கண்மாய்கள் எல்லாம் வெள்ளி போய் நீலமாகிக்கொண்டு வந்தன. ஒன்று மட்டும் மாறவில்லை. மாப்பிள்ளை ஊர்க் கண்மாய் காலையில் பார்த்த வெள்ளையாகவே நின்றது. சோற்றை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

செத்த நேரத்தில் அதன் தெற்கு ஓரம் சுருண்டது. பாயைச் சுருட்டுகிற மாதிரி, எள்ளு எள்ளாகச் சில ஆட்கள் தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அடியில் செம்மண் தெரிந்தது.

"அண்ணே, அது தண்ணி இல்ல. துணி" என்றாள் அத்தை.

யுத்தம் வந்ததிலிருந்து அந்தப் பக்கத்துத் தறிகளில் எல்லாம் பேண்டேஜ் துணிதான். காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டுகிற மெல்லிசுத் துணி. வெளுத்துக் காயப்போட வறண்ட கண்மாயைவிட அகலமான இடம் எங்கே கிடைக்கும்? அப்பா அந்தத் துணிக்குத்தான் ஸ்தோத்திரம் சொல்லியிருக்கிறார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்துச் சிரித்தே உருண்டிருப்பேன். அவர் முகம் சுண்டிப்போனது. கை கழுவிவிட்டு எழுந்தார்.

"சரி, கெளம்புவோம். ஓலை வேண்டாம்."

எனக்கு எங்கிருந்துதான் அந்த ஆங்காரம் வந்ததோ! அதுவரை அப்பாவுக்கு எதிரே நின்று ஒரு வார்த்தை பேசியவள் இல்லை.

"அப்பா, ஒரு கண்மாய் அகலத்துத் துணியை வெளுக்கணும்னா எம்புட்டுத் தண்ணி வேணும்?"

அப்பா நின்றார்.

"கண்மாய் வறண்டும் அம்புட்டுத் தண்ணி எறைக்காங்கன்னா, கெணத்துல ஊத்து இல்லாமலா எறைக்காங்க?"

"உப்புத் தண்ணியா இருக்கும்" என்றார்.

"உப்புத் தண்ணியில வெளுத்தா துணி பழுப்படிக்கும். நம்ம கெணத்துல தொவைச்ச உங்க வேட்டியைக் குனிஞ்சு பாருங்க. பொறவு அங்க பாருங்க."

அப்பா நிஜமாகவே குனிந்து தன் வேட்டியைப் பார்த்தார். எங்கள் கிணறு உப்புக் கிணறு. எத்தனை அடித்துத் துவைத்தாலும் வேட்டி பழுப்பேறித்தான் கிடக்கும். கீழே மிச்சமிருந்த துணி கண்ணைக் கூசச் செய்தது.

"இம்புட்டு யோசிச்சு வச்சிருக்கியா நீ" என்றார், என்னைப் புதுசாகப் பார்க்கிறவர் போல.

அத்தைதான் பேசினாள். "அவ தண்ணிக்காகவா பேசுதா? என்னைக் குடுக்கும்போது நீ மலையேறிப் பாக்கல. சரி, அது போட்டும். இப்ப இவளுக்காக ஏறிட்ட. ஆனா அன்னைக்கு எங்கிட்டயும் ஒரு வார்த்தை கேக்கல. இன்னைக்கு இவகிட்டயும் கேக்கல."

காற்று தகரத்தைத் தடதடவென்று ஆட்டியது. அப்பா என் பக்கம் திரும்பினார். பாடம் கேட்கிற குரலில்லை அது. "ஏம்மா, அந்தப் பையனை உனக்குப் புடிச்சிருக்கா?"

"புடிச்சிருக்குப்பா" என்றேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். மலை முழுக்கக் கேட்டது.

"அப்பச் சரி. ஞாயித்துக்கிழமை ஓலை."

சந்தோஷத்தில் எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பறக்கச் சொன்னால் பறந்திருப்பேன். அப்பா இறங்கத் தொடங்கி, நாலு எட்டு வைத்துவிட்டு நின்றார். அத்தையைப் பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டே கேட்டார்:

"அன்னைக்கு உங்கிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்ப?"

அத்தை யோசிக்கக்கூட இல்லை.

"மாட்டேன்னு சொல்லியிருப்பேன் அண்ணே."