அப்பாவோடு வந்த கடுவன்

எங்கள் வீட்டில் ஏற்கெனவே இரண்டு நாய்கள். ஒன்று கடுவன், கேற்றுக்கு வெளியே சைக்கிள் மணி கேட்டாலே சண்டைக்கு ஆயத்தமாகிவிடுவான். மற்றது பெட்டை, அவன் குரைத்தால் ஏன், எதற்கு என்று கேளாமல் தானும் சேர்ந்து குரைப்பாள். அந்த வீட்டுக்குத்தான் அப்பா தன்னுடைய கடுவனையும் கூட்டிக்கொண்டு வருவதாக இருந்தது.

அப்பா அரியாலையில் தனியாக இருந்தார். அம்மா காலமான பிறகு அவருக்குத் துணை அந்த நாய்தான். குளியலறையில் வழுக்கி விழுந்து, எழும்ப முடியாமல் அவர் கிடந்தபோது, பக்கத்து வீட்டார் எட்டிப் பார்க்கும்வரை குரைத்துத் தள்ளியதும் அதுதான். ஆஸ்பத்திரியில் இருந்து வெளிக்கிடும்போது, எங்களோடு வந்திருக்கச் சொன்னதற்கு அப்பா சொன்னார்:

"நாய் வந்தால் நானும் வாறன். அங்கை அதுக்கு ஒத்துவராட்டி ரெண்டுபேரும் திரும்பிப் போவம். சம்மதமெண்டால் சொல்லு பிள்ளை."

உடனே சம்மதித்தேன். வேறு என்ன செய்வது? அவர் திரும்பிப் போய் இன்னொரு தடவை விழுந்தால், அன்றைக்கும் பக்கத்து வீட்டில் ஆள் இருக்கும் என்பதற்கு யார் உத்தரவாதம்? அன்றிலிருந்து வீட்டில் எந்த நாய் உறுமினாலும், அப்பா ஈரத் தரையில் கிடப்பதுதான் என் கண்ணுக்குள் வந்தது.

ஓட்டோவில் வந்து இறங்கினார்கள். எங்கள் இரண்டையும் அறைக்குள் பூட்டிவிட்டு, அப்பாவின் கடுவனைப் பின்வளவில் கொட்டில் தூணில் கட்டினேன். முதலில் மணத்தைப் பழக்க வேண்டும் என்று கைத்தொலைபேசியில் பார்த்திருந்தேன். அவன் படுத்த சாக்கை முன்னுக்கும், இவர்கள் படுத்த சாக்கைப் பின்னுக்கும் மாற்றிப் போட்டேன். எங்கள் கடுவன் அந்தச் சாக்கை மணந்து பார்த்துவிட்டு, காலைத் தூக்கி அதன்மேலேயே பெய்தான். எனக்கு அழுகை வராத குறை.

அதைவிடப் பெரிய கரைச்சல், வந்தவன் சாப்பிடவில்லை. நான் வேதக்கார வீட்டில், தேவாலயமும் மீன்குழம்புமாக வளர்ந்தவள். இணுவிலில் சைவ வீட்டுக்குக் கலியாணம் முடித்து வந்தபின், மீன் இந்த வளவுக்குள் வந்ததே இல்லை. எங்கள் நாய்களும் பருப்பும் சோறும் தின்று வளர்ந்த சுத்த சைவங்கள். அப்பாவின் கடுவனோ கடலேரி மீன் இல்லாமல் வாய் வைக்காதவன். சோற்றுத் தட்டை மூக்கால் தள்ளிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவான். அப்பா மட்டும் ஒரு முறைப்பாடும் இல்லாமல் கத்தரிக்காய்க் கறியோடு சாப்பிட்டு எழும்புவார். "மரக்கறியும் நல்லந்தானே" என்பார். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது.

பின்னேரங்களில் நான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துவிட்டு வந்து, நாய்களைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுபோய்ப் பழக்கிப் பார்த்ததும் அப்பா கேட்பார்:

"இண்டைக்கு என்னமாதிரி? உறுமினவங்களோ?"

"கொஞ்சம்" என்பேன்.

"பாத்தியோ" என்பார்.

அவருக்கும் என்னைப்போலவே பயம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாய் பட்டினி கிடப்பதைப் பார்க்க என் கணவருக்குப் பொறுக்கவில்லை. பிறந்ததில் இருந்து மீனைத் தொட்டறியாத மனிதர். ஒருநாள் என்னிடம் ஒரு சொல் சொல்லாமல் சந்தைக்குப் போய், சூடை மீன் வாங்கி, மோட்டார்சைக்கிளில் பையைத் தன்னில் முட்டாமல் தூரப் பிடித்தபடி வந்தார். பின்வளவில் மூன்று கல் வைத்து, பழைய தாச்சியில் போட்டு, மூக்கைச் சால்வையால் கட்டிக்கொண்டு அவித்தார். அதோடு நின்றிருக்கலாம். ஒரு தட்டில் சேர்ந்து சாப்பிட்டால் மூன்றுக்கும் சிநேகம் வந்துவிடும் என்று இவருக்கு யாரோ சொன்னது போல, எல்லாவற்றையும் ஒரே தட்டில் கொட்டி, மூன்று பேரையும் அவிழ்த்துவிட்டார்.

சுத்த சைவங்களுக்கு அந்த மணம் பட்டதும் பைத்தியம் பிடித்துவிட்டது. தட்டு ஒரு பக்கம், மீன் ஒரு பக்கம், இரண்டு கடுவன்களும் ஒன்றின் கழுத்தில் ஒன்று. நான் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது அப்பா ஊன்றுகோலை ஓங்கியபடி படியில் ஒரு காலை வைத்துவிட்டார்.

"இறங்காதேங்கோ அப்பா! விழுந்திடுவியள்!"

கணவர் கிணற்றடி வாளித் தண்ணீரை அப்படியே ஊற்றித்தான் பிரித்தார். வந்தவனின் காது கிழிந்து இரத்தம் வடிந்தது. இவரைப் பார்த்து வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். மீன் செதில் ஒட்டிய கையோடு அவர் கவிழ்ந்த தட்டை எடுத்து நிமிர்த்தினார்.

அப்பா மட்டும் பதற்றமில்லாமல் திரும்பிப் போய்க் கதிரையில் இருந்தார். "உது சரிவராது எண்டு எனக்குத் தெரியும். தம்பியை ஏசாதை, அவர் நல்லதுக்குத்தான் செய்தவர். நாளைக்கு ஓட்டோவுக்குச் சொல்லிவிடு, நாங்கள் போறம்." சொல்லிவிட்டு எழும்பிப் போய், கொடியில் காய்ந்தும் காயாமலும் கிடந்த சேட்டுகளை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"இன்னுமொரு கிழமை பாப்பம் அப்பா" என்று கெஞ்சினேன். நாய் கடிபட்டதில் மனம் உடைந்துபோனார் என்றுதான் நம்பினேன்.

அந்தக் கிழமை நான் நாய்களோடேயே சீவித்தேன். வீட்டுக்குள் சேராவிட்டாலும் வெளியில் சேர்ந்து நடக்கட்டும் என்று, பின்னேரம் பின்னேரம் கணவர் எங்கள் இரண்டையும் பிடித்துக்கொண்டு முன்னால் போக, நான் அப்பாவின் கடுவனோடு பின்னால் போனேன். "என்ன ரீச்சர், தேர் வெளிக்கிட்டிட்டுதோ?" என்று ஒழுங்கையில் பகிடி பண்ணினார்கள். பகிடிக்குச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஒவ்வொரு காதையும் வாலையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். இரவில் படுத்தாலும் உறுமல் கேட்பது போலவே இருந்தது. வந்தவனுக்கு மட்டும் தனியாக மீன் அவிக்கும் பொறுப்பைக் கணவரே எடுத்துக்கொண்டார், அதே சால்வையோடு.

பிறகு ஒருநாள் விடிய விடிய மழை. காலையில் பார்த்தால் பின்வளவு முழுக்க வெள்ளம், கொட்டில் தூணில் கடித்து அறுத்த கயிறு மட்டும் தொங்கியது. இரத்தத்தைத்தான் பார்க்கப் போகிறேன் என்று முன்விறாந்தைக்கு ஓடினேன். அங்கே ஒரே சாக்கில் மூன்றும் முதுகோடு முதுகு முட்டச் சுருண்டு கிடந்தன. நடுவில் அப்பாவின் கடுவன்.

"அப்பா, ஓடி வாங்கோ! மூண்டும் ஒண்டாப் படுத்திருக்குதுகள்!"

அப்பா வந்து விறாந்தைக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய கடுவன் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தான். வாலை இரண்டு தரம் தரையில் அடித்துவிட்டு மறுபடியும் பெட்டையின் முதுகில் தாடையை வைத்துக்கொண்டான். சிரிப்பார் என்று நான் அப்பாவின் முகத்தையே பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"அப்ப, இனி அரியாலை வீட்டை போறதுக்குச் சொல்ல எனக்கொரு சாட்டும் இல்லை" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கடைசி பஸ்ஸும் போய்விட்டது என்று சொல்வது போலச் சொன்னார். அன்றைக்கு அவர் சேட்டு மடித்தது எதற்கென்று இப்போதுதான் எனக்கு விளங்கியது.

"போகவேணுமெண்டால் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே அப்பா."

"எப்பிடிப் பிள்ளை சொல்லுறது? நீ படுற பாட்டைப் பாத்துக்கொண்டுதானே இருந்தனான். நாய் சொல்லட்டும் எண்டு விட்டிட்டன்."

மழை இன்னும் விடவில்லை. அப்பா கதிரையை மெல்ல இழுத்து நாய்களுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார். எங்கள் கடுவன் கண்ணைத் திறந்து அவருடைய காலை மணந்து பார்த்தான், உறுமவில்லை.

தேத்தண்ணி போடட்டோ என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை, போடு" என்றார்.