கடைசிப் பக்கத்து அம்பு

என் மேஜையின் வலது ஓரத்தில் ஒரு புத்தகம் இருக்கிறது. அட்டையில் ஒரு கிடாய் நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு மந்தை. 'முன்னால் நடப்பவன்' என்பது தலைப்பு. ஆசிரியர் என்று ஒரு பனியன் கம்பெனி முதலாளியின் பெயர் போட்டிருக்கும்; எழுதியவன் நான். கடைசிப் பக்கத்தில், ஒரு பெண்ணின் பெயருக்கு நேராக, சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு சிவப்பு அம்பு ஒட்டியிருக்கிறது. திருப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: தைத்து வந்த பனியனில் ஓட்டையோ, எண்ணெய்க் கறையோ, தையல் விட்ட இடமோ இருந்தால், செக்கிங் மேஜையில் நிற்பவர்கள் அந்த இடத்தைக் காட்டி இந்த ஸ்டிக்கரை ஒட்டுவார்கள். அம்பு ஒட்டிய பீஸ் ஆல்ட்டருக்கு, அதாவது பிரித்துச் சரிசெய்யப் போகும். புத்தகம் போடுவதே எனக்குத் தொழிலாகிவிட்ட இந்த நாளிலும், வாசகர் கருத்து என்று எது வந்தாலும் படித்து முடித்த கையோடு அந்தப் பக்கத்தை ஒருமுறை திறந்து பார்த்துக்கொள்வேன்.

அப்போது நான் மங்கலம் ரோட்டில் ஒரு கம்பெனியில் ஹெச்.ஆர். ஆபீசராக இருந்தேன். ஆள் சேர்ப்பது, லீவு கொடுப்பது, பையர், அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர், வரும் நாளில் தீயணைப்புக் கருவிகளின் தூசியைத் துடைக்கச் சொல்வது, இவைதான் வேலை. எனக்குத் தமிழ் நன்றாக எழுத வரும் என்பது முதலாளிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. அவர் ஒரு நட்சத்திர ஹோட்டலில் தலைமைப் பண்பு வகுப்புக்குப் போய்வந்திருந்தார். அங்கே பாடம் நடத்தியவர் சிங்கத்தையும் யானையையும் உதாரணம் காட்டியிருக்கிறார். திரும்பி வந்ததும் என்னைக் கூப்பிட்டு, "நம்மளும் இந்த மாதிரி ஒரு புக்கு போட்டரலாமுங்களா?" என்றார். கேள்வி மாதிரி இருந்தாலும் அது கேள்வி இல்லை. நான் இரண்டு மாதம் கம்ப்யூட்டரில் தேடி, சிங்கம் முதல் எறும்பு வரை ஆளுக்கொரு அத்தியாயம் கொடுத்தேன். ஆட்டையும் மாட்டையும் தேடக்கூட இல்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவைதானே என்று கற்பனையாகவே எழுதிவிட்டேன். நடுநடுவே முதலாளியின் பெருமைகளையும் சேர்த்தேன். 'என் கம்பெனியில் ஒவ்வொரு தொழிலாளியையும் நான் பெயர் சொல்லித்தான் அழைப்பேன்' என்ற வரி அவர் சொன்னதல்ல. அவருக்குப் பிடிக்குமே என்று நானே போட்டது. அவருக்கு அது மிகவும் பிடித்தது.

அச்சுக்குப் போகும் முன் தொழிலாளர்களின் கருத்துகளை வாங்கிக் கடைசிப் பக்கத்தில் போட வேண்டும் என்பது முதலாளியின் ஆசை. ஜெராக்ஸ் எடுத்து ஸ்பைரல் போட்ட பிரதிகளை ஒவ்வொரு பிரிவுக்கும் கொடுத்து, ஒரு வாரம் தவணை சொன்னேன். கருத்துகள் இரண்டே நாளில் வந்துவிட்டன. கட்டிங் பிரிவில் ஒருவர் 'நன்றாக இருக்கிறது' என்று எழுதியதை மற்ற பதினோரு பேரும் எழுத்துப் பிசகாமல் பார்த்து எழுதியிருந்தார்கள். ஒரு டைலர் 'முதலாளி நீடூழி வாழ்க' என்று மட்டும் எழுதியிருந்தார். தமிழே படிக்கத் தெரியாத வடநாட்டுப் பையன்கள் இந்தியில் 'மிக அருமையான நூல்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். எனக்கு அதில் ஒன்றும் தப்பாகப் படவில்லை. கருத்து என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிற இடத்தில்தான் நானும் இருந்தேன்.

வாரம் முடிந்தும் திரும்பாத பிரதி ஒன்றே ஒன்று. அது நாலாம் நம்பர் செக்கிங் மேஜையில் நின்ற ஒரு அக்காவிடம் இருந்தது. என் வயதுதான் இருக்கும். கம்பெனியில் வயதில் பெரிய பெண்களைப் போலவே அவரையும் எல்லோரும் அக்கா என்போம். பிறந்த ஊர் மடத்துக்குளம் பக்கம். அப்பன் வீட்டில் ஆடுமாடுகளோடு வளர்ந்தவர். சாமளாபுரத்தில் விசைத்தறி ஓட்டுகிறவருக்கு வாழ்க்கைப்பட்டு, தினமும் கம்பெனி வேனில் வந்துபோனார். வேலையில் அவர் கண்ணுக்குத் தப்பிய பீஸ் கிடையாது என்று டைலர்கள் அவரைத் திட்டுவார்கள். பையர் ஆபீசிலிருந்து ஆள் வந்தால் அதே டைலர்கள் அவர் மேஜைக்குத்தான் பீஸை முதலில் அனுப்புவார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவர் என் அறைக்கு வந்தார். ஸ்பைரல் பிரதியைப் பனியன் போடும் பாலிதீன் கவரில் அழகாக நுழைத்து, வாயை மடித்து ஒட்டியிருந்தார். பிரித்துப் பார்த்தேன். பக்கம் பக்கமாகச் சிவப்பு அம்பு.

நான் கருத்துக் கேட்டிருந்தேன். அவர் செக்கிங் செய்துகொண்டு வந்திருந்தார். கையில் ஒன்றைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னால் குறை எங்கே என்றுதான் பார்க்க வேண்டும், வேறு எதற்குக் கொடுப்பார்கள் என்பது அவர் எண்ணம். எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஆனாலும் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு அம்பாகக் கேட்டேன். முதல் அம்பு ஆட்டு அத்தியாயத்தில் இருந்தது. மந்தைக்கு முன்னால் கிடாய் நடக்கும், மற்றவை அதன் பின்னால் போகும் என்று நான் எழுதியிருந்தேன்.

"கெடா முன்னால போகாதுங்க, சார். மந்தையில வயசான பொட்டை ஆடு ஒண்ணு இருக்குமுங்க. அதுக்குத்தான் தண்ணி எங்க இருக்குது, மேயறதுக்கு மேவு எங்க இருக்குதுன்னு தெரியும். கெடா அது போற பக்கம் போகுமுங்க."

அடுத்தது வண்டிமாடு. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் முகம் சுளிக்காமல் இழுக்கும் என்பது என் வரி. "பாரம் மிஞ்சிருச்சுன்னா படுத்துக்குமுங்க. அப்புறம் வால முறுக்குனாலும் எந்திரிக்காது" என்றார். எசமானுக்காக உயிரைக் கொடுக்கும் நாயின் மீதும் ஒரு அம்பு. அவர்கள் வீட்டு நாய் சோறு வைக்கிற அம்மாவுக்குத்தான் வாலாட்டுமாம். அப்பன் வந்தால் எழுந்துகூட நிற்காதாம். ஒரே பக்கம் இரண்டு தடவை வந்திருந்த இடத்திலும் சரியாக ஒட்டியிருந்தார். சிங்கம், யானை அத்தியாயங்கள் மட்டும் சுத்தமாக இருந்தன. அவையாவது தேறினவா என்று கேட்டேன்.

"அதெல்லாம் நான் பாத்ததில்லீங்க, சார். பாக்காததுக்கு எப்படி ஸ்டிக்கர் ஒட்டறது?"

கடைசி அம்பு, பெயர் சொல்லி அழைப்பேன் என்ற வரியில் இருந்தது. அதற்கு மட்டும் நான் விளக்கம் கேட்கவில்லை. பல வருஷமாக அந்த மேஜையில் நிற்பவரை முதலாளி 'செக்கிங்' என்றும், சூப்பர்வைசர் 'நாலாம் டேபிள்' என்றும்தான் கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். மொத்தத்தில் கருத்து என்று என்ன போடட்டும் என்றேன். கொஞ்சம் யோசித்து, "ஆடுமாடு வர்ற எடத்த தெரிஞ்சவங்ககிட்டக் கேட்டு எழுதியிருக்கலாமுங்க. மத்தபடி படிக்க நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு தயங்கி, "யாரு எழுதுனதுங்க?" என்று கேட்டார். முதலாளி என்றேன். அவர் என் முகத்தை ஒரு நொடி பார்த்துவிட்டு, "ஆமாங்க" என்று எழுந்து போனார்.

இரண்டு தடவை வந்த பக்கத்தை மட்டும் திருத்தினேன். ஆட்டைத் திருத்த முடியாது. அட்டையே கிடாய்ப் படம், முதலாளி பார்த்துச் சம்மதித்துவிட்டது. இந்த நிலையில் முதலாளி, ஆடுமாடு மேய்த்த தொழிலாளி யாராவது பாராட்டியிருக்கிறார்களா என்று கேட்டார். அப்படி ஒரு கருத்து இருந்தால் எடுப்பாக இருக்குமாம். நான் என் இடத்துக்கு வந்து உட்கார்ந்து எழுதினேன்: 'ஆடுமாடுகளோடு வளர்ந்தவள் நான். இந்த நூலில் உள்ள ஒவ்வொன்றும் உண்மை. எங்கள் முதலாளி எங்களைப் பெயர் சொல்லித்தான் அழைப்பார்.' கீழே போடப் பெயர் வேண்டும். அப்போதுதான் எனக்கும் அந்த அக்காவின் பெயர் தெரியாது என்பது உறைத்தது. ஆள் சேர்ப்பு ஃபைலை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அத்தனை நாள் தெரியாத பெயரை, அவர் சொல்லாத ஒன்றுக்கு அடியில் போடுவதற்காகத்தான் தேடினேன். இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு நன்றாக எழுதிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

புத்தகக் கட்டுகள் அச்சகத்திலிருந்து நேராக எங்கள் பேக்கிங் பிரிவுக்கு வந்து இறங்கின. இரண்டு நாளில் கல்யாண மண்டபத்தில் வெளியீட்டு விழா. பேக்கிங் பெண்கள் யாரோ கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு நாலாம் மேஜைக்கு எடுத்துப் போய்க் காட்டியிருக்கிறார்கள். அந்த அக்கா என் அறை வாசலில் வந்து நின்றார். கோபமாகப் பேசியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அது என் வேலை. அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எங்கண்ணன் இன்னும் ஆடு வெச்சிருக்குதுங்க, சார். கெடா முன்னால போகும்னு நான் சொன்னதாப் படிச்சா என்ன நெனைக்கும்?" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவரே தொடர்ந்தார்: "நான் பாஸ் பண்ணாத பீஸ்ல என் நம்பர ஒட்டுன மாதிரி இருக்குதுங்க."

இதையும் விளக்க வேண்டும். செக்கிங்கில் பாஸ் ஆகும் ஒவ்வொரு பீஸிலும் பார்த்தவரின் நம்பர் ஒட்டப்படும். வெளிநாட்டிலிருந்து ஒரு பீஸ் குறை என்று திரும்பி வந்தால் அந்த நம்பரை வைத்துத்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அவர் நம்பரைச் சொல்லி யாரும் அவரைக் கூப்பிட்டது கிடையாது.

"கருத்து இருந்துட்டுப் போகட்டுமுங்க. பேர மட்டும் எடுத்துடுங்க. வெள்ளை ஸ்டிக்கர் குடுத்தீங்கன்னா டீ டைம்ல நாங்களே ஒட்டிக் குடுத்தர்றோமுங்க. எங்க டேபிள்ல நாலு பேரு இருக்கறோம்."

முடியாத காரியமே இல்லை. வெள்ளை ஸ்டிக்கர் ஸ்டோரில் ரோல் ரோலாகக் கிடந்தது. நாலு பேர் இரண்டு டீ நேரத்தில் முடித்திருப்பார்கள். ஆனால் பெயர் மறைந்திருப்பதை முதலாளி பார்த்தால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று கேட்டால் ஆட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாம் வெளியே வரும். எனக்கு அப்போது சம்பள உயர்வு பேச்சில் இருந்தது. "அடுத்த பதிப்புல எடுத்துடறேங்கக்கா" என்றேன். அடுத்த பதிப்பு என்று ஒன்று வராது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்கும். "சரிங்க, சார்" என்று போய்விட்டார்.

விழாவில் தொழிலாளர் சார்பில் முதல் பிரதி பெறுபவர் என்று அவர் பெயரை மைக்கில் நான்தான் படித்தேன். முதலாளி சிரித்த முகத்தை மாற்றாமலேயே என் பக்கம் சாய்ந்து, "யாருங்க அது?" என்று கேட்டார். அந்த அக்கா மேடை ஏறி, இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, ஃபோட்டோவுக்கு நின்றுவிட்டு இறங்கினார். திங்கட்கிழமை காலை அந்தப் பிரதி என் மேஜையில் இருந்தது, பாலிதீன் கவரில், வாய் மடித்து ஒட்டி. உள்ளே ஒரே ஒரு அம்பு. நான் எழுதிய பொய்யின் மீது இல்லை. அவர் பெயருக்கு நேராக.

அதன்பிறகும் அதே கம்பெனியில்தான் இருந்தோம். பார்த்தால் சிரிப்பார், லீவு வேண்டுமென்றால் கேட்பார், மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. நான் வேலையை விட்டுவிட்டுச் சின்னதாகப் பதிப்பகம் தொடங்கியபோது, முதலில் வந்தது மாடு வளர்ப்பு பற்றிய ஒரு கையெழுத்துப் பிரதி. இதை யாரிடம் காட்டுவது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. கம்பெனி வாசலில் வேனுக்கு நின்றவரிடம் கொண்டுபோய்க் கொடுத்து, "தப்பு இருந்தா தாராளமா அம்பு ஒட்டுங்கக்கா, இது உங்களுக்காகவே கொண்டுவந்தேன்" என்றேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஆசையாகப் பிரித்தேன். ஒரு அம்புகூட இல்லை. மறுநாள் போய்க் கேட்டேன்.

"நல்லா இருக்குதுங்க, சார்" என்றார்.

பிறகு நானே உட்கார்ந்து படித்தேன். சினை மாடு பற்றிய இரண்டு பக்கங்கள் இடம் மாறிக் கிடந்தன. பசு ஈன்று முடித்த பிறகு அதற்கு வலி எடுத்தது. அவர் கண்ணுக்கு அது தப்பியிருக்க வழியே இல்லை. கட்டிங் பிரிவில் பன்னிரண்டு பேரும் எழுதிய அதே கருத்தைத்தான் அவரும் எனக்குக் கொடுத்திருந்தார். யாரும் என்னை இவ்வளவு மரியாதையாகத் தண்டித்ததில்லை.

இப்போது எங்கள் புத்தகங்களின் பின்னட்டையில் வாசகர் கருத்து போடுவதில்லை. ஏன் என்று கேட்பவர்களிடம் இடம் போதவில்லை என்று சொல்லிவைக்கிறேன். இணையத்தில் எங்கள் நூல்களுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்து 'அருமை' என்று எழுதுகிறார்கள். நன்றி சொல்லிப் பதில் போடுகிறேன், ஒன்றையும் நம்புவதில்லை. அந்த அக்கா இன்னொரு கம்பெனியில் இப்போதும் செக்கிங்கில்தான் இருக்கிறார் என்று கேள்வி. இங்கே அவர் பெயரை எழுதவில்லை. கேட்காமல் ஒருதடவை போட்டதே போதும்.

போன வாரம் வெள்ளை லேபிள் ஒன்றை வெட்டி எடுத்துக்கொண்டு அந்தக் கடைசிப் பக்கத்தைத் திறந்தேன். இந்த ஒரு பிரதியிலாவது பெயரை மறைத்துவிடலாம் என்று நினைப்பு. ஓரங்கள் வெளுத்திருந்தாலும் அம்பு பசை விடாமல் அப்படியே இருந்தது. இதில் ஒட்டி என்ன ஆகப்போகிறது, ஊரெல்லாம் போன மற்ற பிரதிகளில் அவர் பெயர் இருக்கத்தானே போகிறது என்று லேபிளைக் கசக்கிப் போட்டுவிட்டேன். அம்பு ஒட்டிய பீஸை மேஜையில் தேங்கவிடக் கூடாது, அன்றன்றைக்கே ஆல்ட்டருக்குப் போய்விட வேண்டும் என்று கம்பெனியில் தினமும் சத்தம் போடுவார்கள். இது இத்தனை வருஷமாக என் மேஜையிலேயே இருக்கிறது.