சாலிஹ் நானாவின் கயிறு யார் கையில் இருந்தது?

1. பெப்ரவரி 9: கல்பிட்டிக் களப்பில், பழைய காலத்து மேடை மாயவித்தைக்காரன் ஒருவனின் காதலைச் சொல்லும் திரைப்படத்துக்காக, எத்தாளையைச் சேர்ந்த சுழியோடி சாலிஹ் நானா நாயகனுக்குப் பதிலாகப் பூட்டிய பெட்டியொன்றில் நீருக்குள் இறக்கப்பட்டார். அவருடைய கயிற்றைப் பிடிக்க வேண்டியவர் அவ்விடத்திலிருந்து அகற்றப்பட்டிருந்தார்.

2. அதே நாள்: அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பின்னரும் படப்பிடிப்பு நிறுத்தப்படவில்லை.

3. பெப்ரவரி 20: கணவன் இறந்தபின் வீட்டுக்குள்ளேயே இத்தா இருக்கும் அவருடைய மனைவியிடம், படக்குழுவிடம் எந்தக் கோரிக்கையும் இல்லை என எழுதிய தாளொன்று கதவிடுக்கு வழியாகக் கையெழுத்துக்கு நீட்டப்பட்டது.

4. மார்ச் 6: வெளியிடப்பட்ட முன்னோட்டத்தில், பெட்டியின் கயிற்றுத் துவாரத்தில் துடிக்கும் விரல்கள் காட்டப்பட்டன. அவை நடிக்கும் விரல்கள் அல்ல.

நானாவை அறிந்தவர்களே, நாற்பதாம் நாள் கத்தம் ஓதலுக்கு வரும் உங்கள் கைகளில் இத்தாளைத் தருகிறேன். இதன் பிரதி தயாரிப்பாளருக்கும் போகிறது. அந்தப் படத்தின் வசனங்களை எழுதியவன் நான்.

நானா இறந்த செய்தி தொலைபேசியில் வந்தது. அப்போது குதிரை வண்டிக் காட்சிக்காக மணலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். "சேர், மச்சான் வபாத்," என்றார் நஸார். அவர் நானாவின் மனைவிக்கு அண்ணன். பிறகு கேட்டார்: "நீங்க இன்னும் அங்கயா நிக்கிறீங்க?" ஓம் என்றேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

நீருக்கடிக் காட்சிகள் நம்பும்படி இருக்கின்றனவா என்று கேட்கவே நான் முதன்முதலில் நானாவின் வீட்டுக்குப் போனேன். பிளேன்டீயைக் குடித்தபடி நான் வாசித்தது முழுவதையும் கேட்டார். "சேர் தம்பி, இவன் பொட்டிக்குள்ள கிடந்துக்கிட்டு காதலிய நினைச்சு ஒரு பக்கம் கதைக்கிறான். மூச்சு எங்க வாங்கிற? கடையிலயா?" என்று சிரித்தார். அந்தப் பக்கத்தை அங்கேயே கிழித்தேன்.

அன்றுதான் கயிற்றைப் பற்றிச் சொன்னார். சுழியோடியின் கயிற்றை மேலிருந்து பிடிப்பவன் மனைவியின் சகோதரனாக இருக்க வேண்டும்; சொந்த அண்ணனும் தம்பியும் கூட அடுத்தபடிதான். "நான் மவுத்தானா அவன்ட தங்கச்சி புள்ளைகளோட அவன்ட ஊட்டுக்குத்தான் வருவா. அந்தப் பயம் அவன்ட கைல ஈக்கணும். கயிறு பிடிக்கிறவன் பயப்படணும் சேர் தம்பி, அப்பதான் உள்ள போறவன் பயமில்லாமப் போகலாம்." இரண்டு முறை இழுத்தால் உடனே தூக்க வேண்டும். அதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை.

நான் வீடு திரும்பி, கயிற்றை நாயகியின் கையில் கொடுத்து எழுதினேன். காதல் படத்துக்கு அது பொருத்தமாகத் தோன்றியது. அதை நானாவிடம் வாசித்துக் காட்டினேன். "வசனம் நல்லா ஈக்கு. ஆனா அந்தப் புள்ளைக்கு ஏன் பயம் வரப்போகுது?" என்றார். ஆகவே, நாயகி பிடித்திருப்பது வெறும் தோற்றத்துக்கு, உண்மையான முனை நஸாரிடம் என்று இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் ஒப்புக்கொண்டார்.

முப்பது வருடம் கடலுக்குள் போய்வந்த மனிதர் அந்தப் பெட்டியைக் கண்டதும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். நடுக்கத்தை மறைக்கிறார் என்பது பிறகே எனக்குப் புரிந்தது. மூடியைத் திறந்துவைத்து ஒருமுறை படுத்துப் பார்த்தார். எழுந்தபோது சட்டை முழுதும் வியர்வை. "கடல்ல மேல பார்த்தா வெளிச்சம் தெரியும். இதுக்குள்ள மேல எது கீழ எதுன்டு தெரியல்ல," என்றார். முடியாதென்று சொல்லிவிடுங்கள் என்றேன். "நான் ஏலாதுன்டா நஸார இறக்குவாங்க. அவனுக்கு நான் கயிறு பிடிக்கிறதா? இந்தக் கையோடயா?"

பெப்ரவரி 9 காலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பிறகு, கமராச் சட்டகத்தின் ஓரத்தில் நஸாரின் நீல நிற விளையாட்டுச் சட்டை தெரிகிறது என்றார் ஓர் உதவியாளர். "கழட்டுறன் சேர்," என்றார் நஸார். கழற்றினார். அடுத்து அவருடைய தலைமயிர் வெட்டு அந்தக் காலத்துக்கு ஒத்துவரவில்லை என்றார்கள். அவரை ஓலை வேலிக்கு அப்பால் அனுப்பிவிட்டு, உண்மையான முனையையும் நாயகியிடமே கொடுத்தார்கள். பெட்டி இறங்கிவிட்டிருந்ததால் நானாவுக்கு அது தெரியாது.

நானா வெளியேற வேண்டிய வழி பெட்டியின் அடிப்பலகை; அது கீழ்நோக்கித் திறப்பது. பெட்டி சேற்றில் அமர்ந்ததும் அது திறக்கவில்லை. கயிறு இரண்டு முறை இழுபட்டது. நாயகி இயக்குநரைப் பார்த்தார். அவர் தொடர்ந்து அழும்படி கையசைத்தார். மீண்டும் இரண்டு முறை. அந்தப் பெண்ணை நான் குற்றம் சொல்லமாட்டேன். அந்த இழுப்பின் பொருளை அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குத் தெரியும். 'கட்' என்ற சொல் வரும்வரை யாரும் சட்டகத்துக்குள் நுழையக்கூடாது என்பதும் எனக்குத் தெரியும். தாள்களைக் கையில் பிடித்தபடி அந்தச் சொல்லுக்காகக் காத்து நின்றேன். சொல்லுக்காகக் காத்திராமல் வேலியை உடைத்துக்கொண்டு ஓடிவந்தவர் நஸார். "இழுங்கடா! இழுங்கடா!" என்ற குரல் முன்னோட்டத்தில் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் வயலின் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இப்போது பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் அந்த வயலின் ஒலித்தால் நானாவின் மனைவி காதைப் பொத்திக்கொள்கிறார். கதவுத் திரைச்சீலைக்கு அப்பாலிருந்து அவர் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டார்: "படம் வந்தா எல்லாரும் பார்ப்பாங்களா சேர்? என்ட புள்ளைகளும் பார்க்குமா?" இரவிலும் பகலிலும் எனக்குள்ள அச்சம் அதுவே. ஒரு மனிதர் சாகும் நேரத்தை மண்டபம் நிறைய இருப்பவர்கள் காதலென்று எண்ணிக் கைதட்டுவார்கள்.

நானாவிடமிருந்து நான் வைத்திருப்பது அவருடைய பயம். பெட்டியைக் கண்டு முதுகுக்குப் பின்னால் போன அந்தக் கைகளின் பயம். அது என்னிடம் அன்று இருந்திருக்க வேண்டியது, பிந்தி வந்திருக்கிறது. வந்ததை விடப்போவதில்லை.

தயாரிப்பாளருக்கு: அந்தக் காட்சி படத்திலிருந்தும் முன்னோட்டத்திலிருந்தும் நீக்கப்பட்டு, அதன் எல்லாப் பிரதிகளும் நஸாரின் முன்னிலையில் அழிக்கப்பட வேண்டும். நஸாரை அகற்றும்படி உத்தரவிட்டவர் யார் என்பதும் பெயரோடு எழுதப்பட வேண்டும். உங்கள் கையெழுத்திட்ட பதில், மார்ச் 31 பிற்பகல் நான்கு மணிக்கு முன்னர், எனக்கல்ல, நானாவின் மனைவியின் முகவரிக்கு வந்து சேர வேண்டும். அதில் 'தவிர்க்க முடியாத விபத்து' என்று எழுதப்பட்டிருந்தால், பதில் கிடைக்கவில்லை என்றே கொள்வோம்.