மின்கம்பத்துக்கு பேஸ் வாசித்த கதை

1. வேன் கதவு

சவுண்ட் செக்குக்காக ஒலிபெருக்கி ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறிய நேரத்தில்தான் செய்தி வந்தது. ‘மின்கம்பம்’ பேண்டின் பேஸ் கிட்டாரிஸ்ட் தாமஸ் அண்ணனுக்கு விரல் நசுங்கிவிட்டதாம். சென்னையிலிருந்து வரும் வழியில் தாராசுரத்தில் டீ குடிக்க இறங்கியிருக்கிறார்கள். திரும்ப ஏறும்போது யாரோ வேன் கதவை இழுத்துச் சாத்த, இடது கை விரல்கள் நடுவில் மாட்டிக்கொண்டன. கும்பகோணத்தில் தையல் போட்டுக் கட்டும் கட்டிவிட்டார்கள். எலும்புக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கம்பியை அழுத்த வழியில்லை.

இடம் தஞ்சாவூரில் ஒரு கல்லூரி மைதானம். மாலை நிகழ்ச்சி. முதலில் எங்கள் உள்ளூர் ராக் பேண்டான ‘மதகு’ வாசிக்கும், அதன் பிறகு மின்கம்பம். போஸ்டரில் அவர்கள் பெயர் பனைமரம் மாதிரி நின்றது. எங்கள் பெயர் அதன் அடியில் முளைத்த புல் மாதிரி இருந்தது. எனக்கு அதில் வருத்தமே இல்லை. அந்தப் போஸ்டரில் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்தேன். அதுவும் அவர்கள் பெயருக்காகத்தான்.

ஏற்பாட்டாளர் மேடைப் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். “பேஸ் இல்லாம ஏற மாட்டோம்ங்கிறாங்க. கேன்சல்னு மைக்ல சொன்னா பசங்க சேரை உடைச்சிருவாங்க.”

டிரம்ஸ் மாட்டிக்கொண்டிருந்த எங்கள் அன்வர் நிமிர்ந்து பார்த்தான். “எதுக்கு சார் கேன்சல்? இதோ நிக்கிறா பாருங்க அமுதா. மின்கம்பம் பாட்டுன்னா தூக்கத்துல கூட வாசிப்பா. முழிச்சிருக்கும்போது எங்க பாட்டை வாசிக்க வைக்கிறதுதான் கஷ்டம்.”

கிண்டலுக்குத்தான் சொன்னான். ஆனால் ஏற்பாட்டாளர் எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டார்.

2. நாலு கம்பி

என் ஊர் திருவாரூருக்குப் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்பும் பார்த்து, பிற்பாடு சொந்தமாகக் கொஞ்சம் நிலம் வாங்கியவர்கள். கல்லூரியில் மெல்லிசைக் குழுவில் சேரப் போனேன். லீட் கிட்டாருக்கு அடிதடி நடந்துகொண்டிருந்தது. பேஸ் கிட்டார் மட்டும் தொட ஆளில்லாமல் மூலையில் சாய்ந்து நின்றது. அதை நான் எடுத்துக்கொண்டேன். விடுமுறைக்கு வீட்டுக்குக் கொண்டுபோனபோது அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மத்தவங்களுக்கு ஆறு கம்பி இருக்கே, உனக்கு மட்டும் ஏன்டி நாலு? பொம்பளப் புள்ளன்னு குறைச்சுக் குடுத்துட்டாங்களா?”

பேஸுக்கு நாலுதான் என்று இன்றைக்கும் அவர் நம்பவில்லை.

அதுவே பிழைப்பாகவும் ஆனது. கல்யாணக் கச்சேரிகளுக்கு வாசிப்பேன், வீட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். மதகு எங்கள் ஆசைக்கு ஆரம்பித்தது. பாட்டும் கிட்டாரும் கயல், பகலில் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். அன்வர் டிரம்ஸ். அன்வரின் அத்தாவுக்கு அரிசி ஆலை இருக்கிறது. அதன் குடோனில்தான் எங்கள் ரிகர்சல். நெல் மூட்டை அடுக்கியிருந்தால் சத்தம் கச்சிதமாக விழும். மூட்டைகள் லாரி ஏறிவிட்டால் நாலு சுவரும் எங்களைத் திருப்பி அடிக்கும். அதனால் அறுவடை முடிந்த மாதங்களில் நாங்கள் நல்ல பேண்ட், மற்ற மாதங்களில் சுமாரான பேண்ட்.

மின்கம்பத்தை முதலில் கேட்டது கல்லூரி ஹாஸ்டலில். எல்லோரும் அவர்களுடைய பாடகர் மோசஸுக்கு ரசிகர்கள். நான் தாமஸ் அண்ணனுக்கு. திருச்சியோ சென்னையோ, எங்கே நிகழ்ச்சி நடந்தாலும் போய்விடுவேன். தடுப்புக் கம்பி ஓரம், அவருடைய ஆம்ப் எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நிற்பேன். மோசஸ் மேடையில் உருண்டு புரண்டு பாடுவார். எனக்கு அவர் தாமஸ் அண்ணனை மறைக்கிற ஆள்.

‘மூணாவது மாடி’ என்று அவர்களுக்கு ஒரு பாட்டு. ரெக்கார்டில் கிட்டார் தொடங்கும், டிரம்ஸ் நுழையும். பேஸும் அதோடு நுழைந்திருக்க வேண்டும், ஆனால் நுழையாது. ஒரு ரவுண்டு முழுக்க வெறுமையாகப் போகும். அதற்குப் பிறகுதான் பேஸ் வந்து இறங்கும். அந்த இடத்துக்கு ‘தாமஸ் மௌனம்’ என்று பேரே வைத்திருந்தேன். குடோனில் அன்வருக்கு அதைப் பற்றிப் பாடம் நடத்துவேன். “மத்தவன் வாசிச்சுக் காட்டுவான்டா. இவர் வாசிக்காம காட்டுறாரு.”

“அப்ப நானும் ஒரு கச்சேரி முழுக்க வாசிக்காம காட்டவா?” என்பான்.

நேரில் வாசிக்கும்போது தாமஸ் அண்ணன் அந்த இடத்தில் தாமதிக்காமல் டிரம்ஸோடு சேர்ந்தே நுழைவார். அதற்கும் விளக்கம் வைத்திருந்தேன். ஜனங்களுக்குப் புரியாது என்று எளிமையாக்கிவிட்டார் என்று.

3. சவுண்ட் செக்

தாமஸ் அண்ணன் வந்தார். மேடையோரம் பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்து, கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டார். எத்தனையோ வருஷமாக அவரிடம் கேட்க வேண்டும் என்று சேர்த்து வைத்திருந்த கேள்விகள் எல்லாம் தொண்டைக்கு வந்தன. கடைசியில் கேட்டது, “சாப்டீங்களாண்ணா?”

“சாப்டேம்மா. அதுக்கு வலது கை போதும்ல,” என்றார்.

மோசஸ் அண்ணன் மூக்குக் கண்ணாடியும் சர்க்கரை போடாத டீயுமாக, வங்கி மேனேஜர் மாதிரி இருந்தார். வாசிக்க ஆரம்பித்தோம். முதல் சில பாட்டுகளில் குறை ஒன்றுமில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். பிறகு ‘மூணாவது மாடி’. தாமஸ் அண்ணனை எதிரில் வைத்துக்கொண்டு, ஜனங்களுக்கான எளிய வாசிப்பையா வாசிப்பது? ரெக்கார்டில் உள்ளதையே வாசித்துவிடுவது என்று முடிவு செய்தேன். டிரம்ஸ் நுழைந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டு மௌனம் காத்தேன்.

மோசஸ் அண்ணன் கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார். “என்னம்மா, கேபிள் போச்சா?”

“இல்லண்ணா. அந்த இடம்.”

“எந்த இடம்?”

தாமஸ் மௌனத்தை, தாமஸ் அண்ணன் காதில் விழும்படி, நான் விளக்கினேன். வாசிக்காமல் காட்டுவது வரைக்கும் சொன்னேன். அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, கடைசியில் கட்டுப் போட்ட கை ஆடி வலிக்கிற அளவுக்குச் சிரித்தார்.

“அம்மா, ரெக்கார்டிங் அன்னைக்கு கேபிள் ஜாக் கழண்டுருச்சும்மா. குனிஞ்சு தேடி மாட்டுறதுக்குள்ள ஒரு ரவுண்டு போயிருச்சு. ஸ்டுடியோ டைம் முடிஞ்சு அடுத்த பார்ட்டி வாசல்ல நிக்கிறாங்க. திரும்ப எடுக்க முடியல, அப்படியே விட்டுட்டோம். இத்தனை வருஷமா யாராவது கண்டுபிடிச்சுருவாங்களோன்னு எனக்கு பயம்.”

மேடைக்குப் பின்னால் ஏதோ விழுகிற சத்தம் கேட்டது. சிம்பல் ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு சிரித்த அன்வர், ஸ்டாண்டோடு சாய்ந்திருந்தான்.

4. கயலின் பாட்டு

மோசஸ் அண்ணன் எல்லாப் பாட்டையும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். அடுத்து எங்கள் பேண்டின் சவுண்ட் செக் நேரம். கயல் கிட்டாரைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைக்குக் கீழே காத்திருந்தாள். நான் ஓடிப்போய் அவளிடம் சொன்னேன்:

“கயல், இன்னைக்கு ‘தண்ணி வந்தாச்சு’ வேண்டாம். புதுப் பாட்டு, விரலுக்கு வேலை ஜாஸ்தி. அதை வாசிச்சுட்டு அங்க போய் ஃபுல் செட் வாசிக்க முடியாது.”

‘தண்ணி வந்தாச்சு’ கயல் எழுதி மெட்டுப் போட்டது. அவள் ஊர் கடைமடை. ஆற்றில் தண்ணீர் திறந்த செய்தி எல்லோருக்கும் டிவியில் வரும். அவள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வருவது அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான். அப்படிக் காத்திருந்து வந்த தண்ணீரைப் பற்றிய பாட்டு. அதைப் பெரிய மேடையில் முதல் முதலாகப் பாடுவதற்கென்றே அன்றைக்கு அவள் அம்மா அப்பாவை வரச் சொல்லியிருந்தாள்.

கயல் கோபப்படவில்லை. “சரிங்கக்கா. நீங்க அங்கயே இருங்க. நாங்க ரெண்டு பேரும் வாசிச்சுக்கிறோங்க,” என்றாள். வழக்கமாக என்னிடம் அவ்வளவு ‘ங்க’ போட்டுப் பேச மாட்டாள். மரியாதை கூடியதுதான் சுருக்கென்றது.

அன்வர் அப்போது சிரிக்கவில்லை. “அமுதா, நீ அவங்க ரசிகையாவும் இரு, எங்க பேஸ் பிளேயராவும் இரு. யாரு வேண்டாம்னா? ஆனா இந்தப் போஸ்டர்ல உன் பேரு எந்த வரியில இருக்கு? அதை மட்டும் சொல்லு.”

மேடைக்குத் திரும்பினேன். மோசஸ் அண்ணன் மைக்கைச் சரிசெய்துகொண்டிருந்தார். இப்படி ஒரு வாய்ப்பு இன்னொரு தடவை வராது என்று தெரியும். அவர் கோபித்துக்கொண்டு நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டால் அத்தோடு சரி.

“அண்ணா, மிச்சப் பாட்டெல்லாம் எனக்குத் தெரியும். இப்ப எங்க பேண்டுக்கு சவுண்ட் செக். நான் போகணும்.”

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். “போயிட்டு வாங்கம்மா. இதுக்கு எதுக்கு அழுறீங்க?”

அழுகிறேன் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

5. மேடை

நாங்கள் ஏறியபோது கூட்டத்தில் பாதிப்பேர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் இரண்டு பாட்டுக்குத் தலை நிமிரவில்லை. பிறகு கயல் ‘தண்ணி வந்தாச்சு’ ஆரம்பித்தாள். விரலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. பல்லவி இரண்டாம் தடவை வரும்போது பின்வரிசையில் யாரோ கூடவே பாடினார்கள். மூன்றாம் தடவை மைதானமே பாடியது. தண்ணீருக்குக் காத்திருப்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கயலின் அப்பா முன்வரிசையில் துண்டை மடியில் வைத்துக்கொண்டு, அது தன் மகள்தான் என்பது யாருக்கும் தெரிந்துவிடக் கூடாது என்பது போல உட்கார்ந்திருந்தார்.

அடுத்து மின்கம்பம். விளக்குகள் மாறின, மோசஸ் அண்ணன் கண்ணாடியைக் கழற்றினார், வங்கி மேனேஜர் காணாமல் போனார். மூன்றடி தூரத்தில் அவர் குரல். தடுப்புக் கம்பி ஓரத்திலிருந்து கேட்ட அதே பாட்டு. உடம்பெல்லாம் புல்லரித்தது. நானும் வாய்க்குள் பாடினேன். அடுத்த வரி இன்னும் நன்றாக இருக்கும் என்று காத்திருந்தேன். ஏதோ குறைகிறதே என்றும் பட்டது. குறைந்தது பேஸ். நான் கையைக் கட்டாத குறையாகக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேடையோரம் தாமஸ் அண்ணன் காலால் தரையை உதைத்தார். மோசஸ் அண்ணன் பாட்டுக்கு நடுவில் மைக்கை விலக்கிக்கொண்டு, “வாசிங்கம்மா!” என்றார்.

பாட்டைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு மோசஸ் அண்ணன் பக்கமே திரும்பவில்லை. டிரம்மரின் வலது காலை மட்டும் பார்த்தேன். அந்தக் கால் மிதிக்கும் கிக் டிரம் எங்கே விழுகிறதோ அங்கே என் விரல். ரசிகைக்குக் காட்சி போனது, பேஸுக்குத் தாளம் வந்தது. பேஸ் கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: மேடையில் எவ்வளவு பெரிய ஆள் பாடினாலும் நீங்கள் பார்க்க வேண்டியது டிரம்மரின் காலை.

‘மூணாவது மாடி’யில் டிரம்ஸோடு சேர்ந்து, தாமஸ் அண்ணன் நேரில் வாசிக்கிறபடி சரியாக நுழைந்தேன். தடுப்புக் கம்பி ஓரம், பேஸ் ஆம்ப் இருக்கும் பக்கத்தில் நின்ற ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். “ஐயோ, லேட்டா வரணும்க்கா! ரெக்கார்டைக் கேட்டதே இல்லையா?” என்று கத்தினார். சிரித்துவிட்டு வாசித்தேன்.

6. பட்டுக்கோட்டை

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பரோட்டா சாப்பிட்டோம். தாமஸ் அண்ணன் என் வாசிப்பைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். கடைசியில் சொன்னார்.

“எங்க பாட்டை நல்லாவே வாசிச்சீங்க. நான் எப்படி வாசிப்பேனோ அப்படியே இருந்துச்சு. அதைத்தான் நானே வாசிப்பேனே. அந்தத் தண்ணிப் பாட்டை யார் வாசிப்பா? அடுத்து எங்க வாசிக்கிறீங்க?”

“பட்டுக்கோட்டையில, ஒரு கல்யாண மண்டபத்துலண்ணா. சின்ன நிகழ்ச்சிதான்,” என்றாள் கயல்.

மரியாதைக்குக் கேட்டிருப்பார் என்று நினைத்தோம். ஆனால் அவர் வந்தார். சென்னையிலிருந்து பஸ் ஏறி, கையில் இன்னும் கட்டோடு வந்து முன்வரிசையில் நின்றார். பக்கத்திலிருந்த தேங்காய் வியாபாரி ஒருவர், “சார் யாரு, பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?” என்று கேட்டிருக்கிறார். “நான் மதகு ஃபேன்ங்க,” என்றாராம் தாமஸ் அண்ணன்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யாருக்கும் ரசிகராக இல்லாமல் பேஸ் வாசிக்கலாம், அது உத்தியோகம். வாசிக்க வேண்டும் என்ற ஆசை ரசிகருக்குத்தான் வருகிறது. ஆனால் யாருக்கு ரசிகராக இருந்தாலும், பக்கத்தில் நின்று உங்களோடு வாசிப்பவர்களுக்கு முதலில் ரசிகராகிவிடுங்கள். பெரிய பாட்டை வாசிக்க நூறு பேர் வருவார்கள். கயல் பாட்டுக்கு அன்வரும் நானும்தான்.

பட்டுக்கோட்டையில் ‘தண்ணி வந்தாச்சு’ பல்லவிக்குத் தாமஸ் அண்ணன் கூடவே பாடினார். அவருக்குக் குரல் கிடையாது என்பது அன்றுதான் தெரிந்தது. சத்தத்துக்கு மட்டும் குறைவில்லை. கட்டுப் போட்ட கையைத் தூக்கி ஆட்டிக்கொண்டு, வராத சுருதியில், கண்ணை மூடிப் பாடினார். கயல் பாட்டு முடியும்வரை எப்படியோ சிரிப்பை அடக்கிக்கொண்டு, மைக்கை மூடி என் பக்கம் குனிந்தாள்.

“அக்கா, அந்த அண்ணனை அடுத்த தடவை கொஞ்சம் பின்னால நிக்கச் சொல்லு. தாளம் தப்புது.”