மானில் பிழை இல்லை

இன்று காலை டொக்யார்ட் வீதியில் ஒரு மான் குறுக்கே வந்தது. முன்னால் போன ஓட்டோ நின்றது. என் கார் நிற்காமல் போய் அதன் பின்பக்கத்தில் இடித்தது.

இறங்கி வந்த ஓட்டோக்கார அண்ணா என்னைத் திட்டவில்லை.

"தம்பி, உங்களுக்கு ஒண்டும் இல்லையே? மானிலதான் பிழை."

இல்லை, பிழை என்னில்தான். போன மாதம்தான் காரின் இஞ்சின் புரோகிராமை மாற்றி இழுவையைக் கூட்டியிருந்தேன். இன்சூரன்ஸுக்குச் சொல்லவில்லை. ஆனால், அதைச் செய்த கடை தந்த, இஞ்சின் மாற்றியதைக் காட்டும் 'றீமெப்' ஸ்டிக்கரைப் பெருமையாகப் பின்கண்ணாடியில் ஒட்டியிருந்தேன்.

இன்சூரன்ஸ்காரர் வந்து காரைச் சுற்றிப் படம் எடுத்தார். நான் பின்கண்ணாடியில் சாய்ந்து ஸ்டிக்கரை முதுகால் மறைத்தேன்.

"தம்பிக்குத் தலை சுத்துது போல," என்று அண்ணா ஓடிப்போய்ச் சோடா வாங்கி வந்தார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய், நெளிந்த தன் ஓட்டோவுக்குள்ளேயே என்னை இருத்தினார்.

இன்சூரன்ஸ்காரர் இப்போது ஸ்டிக்கரை வாசித்தார்.

"இஞ்சின்ல மாத்தம் செய்ததை எங்களுக்கு அறிவிச்சனீங்களோ?"

"ஐயா, அது சும்மா ஒட்டினது. பெடியள் ஒட்டுறதுதானே," என்றார் அண்ணா, எனக்காக.

அதற்கு மேல் மறைக்க ஏலவில்லை. "இல்லை அண்ணா, உண்மையாவே மாத்தினனான். அறிவிக்கேல்லை."

"அப்ப கொம்பனி காசு தராமலும் விடலாம்," என்றார் இன்சூரன்ஸ்காரர்.

அண்ணா உடைந்த தன் பின்விளக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சோடாவைக் குடியுங்கோ தம்பி."

ஸ்டிக்கரைச் சுரண்டாமல் கழற்ற வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மானைத் திட்டி மட்டும் யாரும் ஆறுதல் சொல்ல வேண்டாம்.